என் நோன்பில் பாதி

நோன்பு மாதம் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன செய்யக் கொடுக்கலாம் என்று இப்போது எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். காகிதத்தில் பிறை வெட்டச் சொல்கிறார்கள், விளக்கு செய்யச் சொல்கிறார்கள். என் மருமகள் ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பிள்ளை முழு நோன்பு பிடித்தால் முழு நட்சத்திரம். பாதி நாள் பிடித்தால் கத்தரிக்கோலால் வெட்டிய பாதி நட்சத்திரம். நல்ல பெண் அவள், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பாதி நட்சத்திரத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதைக் கிழிச்சுப் போடு" என்றேன்.

"ஏம்மா, இதுல இன்னா தப்பு?" என்று கேட்டாள். முகம் சுருங்கிவிட்டது.

பதில் நீளமானது. அவளிடம் உட்கார்ந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். மழைக்காலத்தில் நோன்பு வந்த அந்த வருஷங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்போது எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருந்தது, ஓட்டி என்றுதான் எல்லோரும் சொல்வோம். அத்தா, அதாவது என் அப்பா, துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. நோன்பு மாதத்தில் எங்களுக்கும் ஏகப்பட்டது செய்ய இருந்தது. அதற்கு யாரும் அழகான பேர் வைக்கவில்லை, வேலை என்று பேர். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கஞ்சி வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓட வேண்டும். என் தூக்கு நீல எனாமல். அடியில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து கறுத்திருக்கும், கஞ்சி ஊற்றிய பிறகு அங்கே விரல் பட்டால் சுடும். மழை என்றால் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்போம். கஞ்சியில் தண்ணீர் விழாமல் மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு திரும்பி வர வேண்டும். பூண்டும் வெந்தயமும் கொத்தமல்லியும் ஈரச் சாக்கின் நெடியோடு சேர்ந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் நனைந்த சாக்கு வாசனை வந்தால் எனக்குப் பசிக்கிறது. அந்தத் தூக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. கேட்டால் சொல்ல ஆளும் இல்லை.

கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றுவது பெரியவர்கள் வேலை. ஆறிய பிறகு கத்தியால் கோடு போட்டு வெட்டுவது பிள்ளைகள் வேலை, கோணினால் திட்டு. பொழுது சாய்ந்து மஃரிப் நெருங்கும்போது மழைச் சத்தத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்காது. அதனால் தெருமுனையில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, வீட்டு வாசலில் ஒரு பிள்ளை என்று நின்று, "சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று கத்திக் கத்தி அனுப்புவோம். எங்கள் கத்தலை நம்பித்தான் தெருவே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டது.

நோன்பும் உண்டு. ஆனால் அரை நோன்பு. லுஹர் வரை, அதாவது நடுப்பகல் தொழுகை வரை, பிடித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம். இன்னொரு நாள் இன்னொரு அரை. "ரெண்டு அரையையும் சேத்துத் தெச்சா ஒண்ணு ஆயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அது வேடிக்கைப் பேச்சு என்று எங்களிடம் யார் சொன்னது? நாங்கள் நம்பினோம். எனக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த தெரு அக்கா இன்னொன்றும் சொன்னார். நோன்பு பிடித்தவர் நோன்பு திறக்கிற நேரத்தில் கையேந்திக் கேட்கிற துஆ அல்லாஹ்விடம் தட்டப்படாது என்றார்.

"அரை நோன்புக்கு?" என்று கேட்டேன்.

"அரைக்கு அரைதான் கெடைக்கும், போ" என்றார். அவருக்கு அடுத்த பிள்ளைக்கு ஓதிக்கொடுக்கிற அவசரம்.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. நான் ஒரே பிள்ளை. எனக்கு ஒரு தம்பி வரப் போகிறான் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அதே வாரம் சிதம்பரத்திலிருந்து மாமி வந்தார். மாமி என்றால் அத்தாவின் அக்கா. அவர் கணவர், என் மாமா, பினாங்கில் கடை வைத்திருந்தார். பல வருஷம் கழித்து ஊருக்கு வந்திருந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் மகனுக்கு முதல் நோன்பு வைத்து, ஊரைக் கூப்பிட்டு, மாலை போட்டு நடத்திவிட வேண்டும் என்பது மாமியின் ஆசை. மகனுக்கும் என் வயதுதான்.

"புள்ளைய எங்கூட அனுப்புடா" என்று அத்தாவிடம் சொன்னார். "எம் புள்ளை தனியா நோன்பு புடிக்க மாட்டேங்கறான். கூட ஒரு ஆளு இருந்தா வீம்புக்காவது புடிப்பான்."

"இவளுக்கும் இதுதான்க்கா முதல் நோன்பு."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்து நடத்திட்டாப் போச்சு. நீ ஆஸ்பத்திரிக்கு ஓடுவியா, இவளுக்கு வடிச்சிக் கொட்டுவியா?"

அத்தா என் துணிகளைப் பையில் எடுத்து வைத்தார். புறப்படுவதற்கு முன்னால் என்னை அம்மாவிடம் கூட்டிப் போனார். அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகமும் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார்.

"முழு நோன்பு புடிக்கப் போறியாமே. தெறக்கும்போது எனக்கு ஒரு துஆ கேளு. இவனுக்கும் கேளு. நல்லபடியா ரெண்டு பேரும் வூட்டுக்கு வரணும்னு கேளு."

கேட்கிறேன் என்று சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவரை என்னிடம் யாரும் பெரிய வேலை எதுவும் கொடுத்ததில்லை.

நேர் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதால் பஸ் வடலூர் சுற்றி, புவனகிரி வழியாகப் போனது. வழி முழுக்க வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்தது. மாமி மடியில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே வந்தார். நான் அரபியில் கேட்பதா தமிழில் கேட்பதா, எது சீக்கிரம் போய்ச் சேரும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

சிதம்பரத்து வீட்டில் எல்லாமே பினாங்கு. சோப்பு பினாங்கு, தைலம் பினாங்கு, அலமாரியில் வரிசையாக நின்ற பச்சைக் கண்ணாடி டம்ளர்கள் பினாங்கு. அந்த டம்ளர்களைப் பிள்ளைகள் தொடக் கூடாது. மாமா அதிகம் பேச மாட்டார். வெள்ளை பனியனோடு சாய்வு நாற்காலியில் கிடந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மச்சான், அதாவது மாமி மகன், ஒல்லிப் பையன். காது மட்டும் பெரிது. மாமிக்கு அவனுக்கு முன்னால் பிறந்தது எதுவும் நிலைக்கவில்லை. அதனால் அவன் தும்மினாலும் வீடு எழுந்து நிற்கும்.

"நீ எனக்குத் துணைக்குத்தான் வந்திருக்கே" என்றான் வந்த அன்றே. "எங்கம்மா சொன்னாங்க."

"துணையும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கும் முதல் நோன்புதான்."

"மாலை எனக்குத்தான். ஒனக்குக் கெடையாது."

"நீ லுஹருக்கே வுழுந்துடுவ. மாலையைத் தூணுக்குப் போடுவாங்க."

இப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். சண்டையும் போட்டோம், ஒரே பாயில் உட்கார்ந்து ஓதவும் செய்தோம். நல்லவனா கெட்டவனா என்றெல்லாம் அந்த வயதில் பார்ப்பதில்லை.

நோன்புக்கு முந்தின நாள் சாயங்காலம் நானும் அவனும் பின்கட்டில் கடல்பாசிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் யாரோ வந்து மாமாவிடம் பேசும் சத்தம் கேட்டது. மழை வலுத்திருந்தது. மாமி உள்ளிருந்து மச்சானைக் கூப்பிட்டு, வந்தவருக்குக் குடை எடுத்துப் போய்க் கொடுக்கச் சொன்னார். போனவன் திரும்பி வரவில்லை. மிச்சத்தை நானே வெட்டினேன். கேட்டதற்குத் தலைவலி, படுத்துவிட்டான் என்றார் மாமி. நாளைக்குத் தப்பிக்க இன்றைக்கே நடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினார்கள். அன்றைக்கு மாமி என்னிடம் அத்தனை பிரியமாக இருந்தார். என் தட்டில் முட்டையை வைத்து, இன்னொரு முட்டையும் வைத்தார். என் தலையைத் தடவினார். மாமா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பச்சை டம்ளரை எடுத்து, அதில் பால் ஊற்றி என் கையில் கொடுத்தார். "குடிம்மா" என்றார். முதல் நோன்பு பிடிக்கிற பிள்ளைக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகக் குடித்தேன். மச்சான் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பாக்குற? பயமா?" என்றேன்.

மாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

காலை முழுக்க சமையல். ஒத்தாசைக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். எனக்குப் பசி இல்லை. தொண்டை மட்டும் காய்ந்தது. லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் பின்பக்கம் மச்சான் அழும் சத்தம் கேட்டது. தேம்பித் தேம்பி அழுதான். அழுது அழுது குமட்டிக்கொண்டு வந்தது. மாமி ஓடினார்.

"பசி தாங்கல எம் புள்ளைக்கு. நெறம் போச்சு பாரு" என்று அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பசிக்கலம்மா" என்றான்.

"பசிக்காமயா இப்படி அழுவுற?"

அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். மாமி ரசஞ்சோறு பிசைந்து வாயில் திணித்தார். அவன் துப்பினான். மறுபடியும் திணித்தார். நான் கதவோரம் நின்று சிரித்தேன். சொன்னேன் பார், லுஹருக்கே விழுந்துவிட்டான்.

ஆனால் சாயங்காலம் ஊர் வரப் போகிறது. போட்டோ எடுக்க ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது. நோன்பு பிடித்த பிள்ளை மடியில் கிடந்து ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டது. மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்க வாடி. ரெண்டு பேரும் கேளுங்க" என்றார். "நீ சஹர்லேந்து லுஹர் வரைக்கும் புடிச்சிட்டே. அது ஒரு அரை. இவ லுஹர்லேந்து மஃரிப் வரைக்கும் புடிக்கறது இன்னொரு அரை. அதை ஒனக்குக் குடுத்துடுவா. ரெண்டும் சேந்தா ஒனக்கு ஒரு முழு நோன்பு. சரியாப் போச்சா? அழுவாதே, போய் மூஞ்சி கழுவு."

"அப்ப எனக்கு?" என்றேன்.

"ஒனக்குத்தான் காலைலேந்து புடிச்ச அரை இருக்குல்ல. பொட்டப் புள்ளைக்கு இன்னைக்கு அது போதும். ஒனக்கு இன்னும் எவ்ளோ நோன்பு கெடக்கு."

"எனக்கு இன்னைக்குத்தான் மாமி வேணும்."

"வெளியில வாயத் தொறக்காதே."

"எனக்கு வேணாம். அவளோடது எனக்கு வேணாம்" என்று மச்சான் கத்தினான். முன்னைவிட அதிகமாக அழுதான். மாமி அவன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் சிரிக்கலாம். நோன்பு என்ன துணியா, ஒருத்தியிடமிருந்து கிழித்து இன்னொருத்தனுக்குக் கொடுக்க? மார்க்கம் தெரிந்த யாரும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாமிக்கும் அது தெரியும். அழுகிற பிள்ளையை நிறுத்த வாய்க்கு வந்ததைச் சொன்னார். எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் கொடு என்றால் கொடுத்தாக வேண்டும், கொடுத்தது போய்விடும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

அன்று பிற்பகல் நான் பாயில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இப்போது என்னிடம் இருப்பது அரை நோன்பு. அரைக்கு அரை துஆதான். அம்மா கேட்கச் சொன்னதோ இரண்டு பேருக்கு. பாதி துஆவில் இரண்டு பேரைக் கேட்டால் இரண்டுமே பாதி பாதியாகத்தான் கிடைக்கும். பாதி அம்மா வந்தால் என்ன ஆகும்? அப்படியென்றால் ஒருவரைத்தான் கேட்க முடியும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டார்கள். தொண்டை காய்ந்துபோய், மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அம்மாவா தம்பியா என்று நான் ஒருத்தியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அஸருக்குப் பிறகு எங்களைக் குளிப்பாட்டினார்கள். மச்சானுக்குப் புதுச் சட்டை, பினாங்குத் தொப்பி, கழுத்து நிறைய மாலை. எனக்கு மாலை வாங்கவில்லை. சேர்த்து நடத்துகிறேன் என்று சொன்னதெல்லாம் பஸ்ஸோடு போயிற்று. மாமாதான் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு போடு" என்றார். மாமி தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி என் தலையில் செருகினார். போட்டோவுக்கு நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மச்சான் கண் சிவந்து, உதடு வீங்கி நின்றான். "பாவம், புள்ளைக்கு நோன்பு எவ்ளோ அசதி பாரு" என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பின்னாளில் ஒரு புயல் மழையில் அந்தப் படம் ஊறி ஒட்டிப்போய்விட்டது. பிரித்தபோது முகங்கள் வரவில்லை.

பாங்கு சொன்னார்கள். எல்லோரும் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நான் கேட்டேன். யா அல்லாஹ், அம்மா நல்லா இருக்கணும். அவ்வளவுதான் கேட்டேன். நாக்கு நுனிவரை வந்த தம்பியை விழுங்கிவிட்டேன்.

பெருநாள் முடிந்துதான் அத்தா என்னை அழைக்க வந்தார். பஸ் புவனகிரிப் பாலத்தில் போகும்போது, கீழே செம்மண் நிறத்தில் ஓடுகிற வெள்ளாற்றைப் பார்த்துக்கொண்டு, "புள்ளை தங்கலம்மா. அம்மா நல்லா இருக்கா" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

வீட்டில் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். வீக்கம் வடிந்து ஆள் பாதியாகிவிட்டிருந்தார். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"துஆ கேட்டியா?"

"கேட்டேன்."

"சரி" என்றார். என் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

அந்த ஒரு 'சரி'யை நான் வாழ்நாள் முழுக்கச் சுமந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை. யாராவது அம்மாவிடம், இன்னொரு பிள்ளை இருந்திருந்தால் உனக்கு ஒத்தாசையாக இருந்திருக்கும் என்று சொன்னால் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது இரண்டு மாதம் நான்தான் பார்த்தேன். குளிப்பாட்டினேன், வாயில் கஞ்சி ஊற்றினேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைய ரகசியம் எங்கே நின்றது? வீட்டில் இருந்த நான்கைந்து பேருக்குத் தெரிந்தது, ஊருக்கே தெரிந்துவிட்டது. 'அரை நோன்பு' என்று பேர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அரை நோன்பு, கடையில் அரை நோன்பு. அவன் நிக்காஹ் அன்றைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்திலேயே ஒரு கிழவர், "அரை நோன்புக்கு முழுப் பொண்ணா குடுக்கறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். எல்லோரையும்விட அதிகம் சொல்லிக்காட்டியது நான்தான். எனக்கு அவன் மேல் அவ்வளவு ஆத்திரம். இவன் ஒழுங்காகப் பிடித்திருந்தால் என் பாதி என்னிடம் இருந்திருக்கும்.

போன வருஷம் மாமி மௌத்தானார். நன்றாக வாழ்ந்து, கிழிந்த பாய் மாதிரி ஆகித்தான் போனார். சிதம்பரம் போயிருந்தேன். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு மச்சான் பின்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அவனுக்கும் முட்டி வலி. உட்காரும்போது முனகினான்.

"அம்மாவும் போயிட்டாங்க. என்னை அரை நோன்புன்னு கூப்பிட இனிமே நீதான் மிச்சம்" என்றான்.

சாவு விழுந்த மையத்து வீடு என்று பார்த்து நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை.

"நீ அன்னைக்கு ஒழுங்காப் புடிச்சிருந்தா நான் ரெண்டு பேருக்கும் கேட்டிருப்பேன்" என்றேன்.

"ரெண்டு பேருக்கா? யாருக்கு?"

சொன்னேன். அம்மா என் கையை வைத்த வயிறு, பாதி துஆ, விழுங்கிய தம்பி, எல்லாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். அவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடித்த பிறகும் நிமிரவில்லை.

"இன்னாடா, பேச்சைக் காணோம்?"

"அந்தப் புள்ளை முந்தின நாளே போயிடிச்சு" என்றான். "நாம கடல்பாசி வெட்டிகினு இருந்தமே, அன்னைக்கு. ஓட்டியிலேந்து வந்த ஆளு அதைச் சொல்லத்தான் வந்தாரு. காலைல பொறந்து, மத்தியானம் போயி, மழைக்கு முன்னாடி அடக்கமும் பண்ணிட்டாங்கன்னு எங்க அத்தா கிட்ட சொன்னாரு. நான் கொடையைக் கையில வெச்சிகினு நின்னு எல்லாத்தையும் கேட்டேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும். ஒன்னைத் தவிர. எங்கம்மா என்னைத் தனியாக் கூட்டிப் போயி, சொன்னே கொன்னுடுவேன், அவ அழுதா நோன்பு முறிஞ்சிடும், அவ அம்மாவுக்குத்தான் ஆவாதுன்னாங்க. சஹருக்கு நீ சிரிச்சிகினு முட்டை துன்னே. என்னால தாங்க முடியல. லுஹர் வரைக்கும் அடக்கிப் பாத்தேன். பசின்னு நெனச்சிச் சோத்தைத் திணிச்சாங்க. எனக்குப் பசியே இல்ல."

"இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல?"

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். வூட்டுக்குப் போனதும் ஒங்கம்மா சொல்லியிருப்பாங்கன்னு. நீ இப்படி ஒண்ணை வெச்சிகினு இருப்பேன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அழுகை வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. களைப்புதான் வந்தது. இத்தனை பெரிய ஆட்கள் இருந்தார்கள் அந்த வீட்டில். முட்டை வைத்தார்கள், பால் கொடுத்தார்கள், தலையைத் தடவினார்கள். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. ஊரைக் கூப்பிட்டாகிவிட்டது, விருந்தை மாற்ற முடியாது. சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் தாங்காது என்று இவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நான் தாங்கியதை யாராவது பார்த்தார்களா? மண்ணுக்குள் போய்விட்ட ஒரு பிள்ளைக்கு உயிர் கேட்கவா வேண்டாமா என்று ஒரு முழுப் பிற்பகல் பாயில் புரண்டிருக்கிறேன். கேட்கவில்லையே என்று அறுபது வயது தாண்டும்வரை புரண்டிருக்கிறேன். மாமிக்கும் நியாயம் இருந்திருக்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், அந்தப் பேச்சை வீட்டுக்குள் எடுக்கவே பயந்திருப்பார். இப்போது எனக்கு அது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? சண்டை போடலாம் என்றால் அன்று மத்தியானம்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள்.

"எங்க அடக்கம் பண்ணாங்கன்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"ஓட்டியிலதான். வேற ஒண்ணும் தெரியாது."

அடுத்த வாரம் மகனை வண்டியில் கூட்டிக்கொண்டு முதுநகர் கபர்ஸ்தானுக்குப் போனேன். எங்கே போகிறோம் என்று மட்டும் சொன்னேன், யாருக்கு என்று சொல்லவில்லை. வாசலில் காவலுக்கு இருந்தவர் என்னை நிறுத்தினார்.

"பொம்பளைங்க உள்ள போறதில்லம்மா இங்க. யாருக்கு?"

"தம்பிக்கு."

"எப்ப மௌத்து? புதுசா?"

"ரொம்பப் பழசு. பொறந்த அன்னைக்கே."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "பச்சப் புள்ளைங்களை அந்தக் கடைசி மதிலோரமா வெப்பாங்கம்மா. அடையாளம் இருக்காது. எத்தனையோ தடவை தண்ணி ஏறி எறங்கிடிச்சு. இங்க நின்னே கேட்டுட்டுப் போங்க" என்றார்.

மதிலோரம் புல்லும் வேலிக்கருவையும் மண்டிக் கிடந்தது. கையை ஏந்தினேன். ஒரு நாள்கூட முழுசாக வாழாத பிள்ளைக்குப் பாவம் எது, அதற்கு நான் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவனுக்காகக் கேட்டேன். வேறு யாருக்காகவும் கேட்கவில்லை. கேட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மகன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"யாரும்மா அங்க?"

"ஒங்க மாமா."

"எனக்கு ஏதும்மா மாமா? நீ ஒரே புள்ளைன்னு தானே சொல்லுவே?"

"இல்ல. நாங்க ரெண்டு பேரு" என்றேன். "வண்டிய எடு."